அடியில் தொங்கும் சில்லை யார் இறக்கிப் பார்ப்பது?

  

கொஞ்சம் நீளமான பதிவு. வாகனம் வைத்திருப்பவர்கள், வாகனம் ஓட்டுபவர்கள், பிள்ளைகளை ஸ்கூல் வேனில் அனுப்பும் பெற்றோர்கள் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள். வாத்தியாருக்கு டயரில் என்ன வேலை என்று சிலர் கேட்பீர்கள். எங்கள் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் வேனில்தான் வருகிறார்கள். ஆகவே அந்த வேனின் அடியில் தொங்கும் ஸ்பெயார் வீலும் எங்கள் கவலைதான்.

நாம் சொல்ல வருவது இதுதான். ஸ்பெயார் வீல் கறள் பிடித்து இறுகிப் போவது டிரைவரின் குற்றமும் அல்ல, யாருடைய தலைவிதியும் அல்ல. வாகனச் சொந்தக்காரர் வருடத்தில் மூன்று தடவை, தடவைக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்காததால் வருவது அது. அந்த ஒரு மணித்தியாலத்துக்கு உரிய கூலியையும் கிரீஸ் காசையும் கொடுக்க வேண்டியவர் சொந்தக்காரரே.

போன தவணையில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். யாருடைய வாகனம் என்பது இங்கே தேவையில்லை. பின்னேர வகுப்பு முடிந்து பிள்ளைகளை ஏற்றிப் போன ஒரு வேனுக்கு ஓப்பநாயக்கப் பக்கம் டயர் பஞ்சர். மழை. ஜெக் இருந்தது, ஸ்பெனர் இருந்தது, ஸ்பெயார் வீலும் இருந்தது. அதை இறக்கத்தான் முடியவில்லை. டிரைவர் தம்பி முக்கால் மணித்தியாலம் ரோட்டோரம் சேற்றில் படுத்துக்கொண்டு கைப்பிடியோடு மல்லுக்கட்டினார். பெரிய லொறிகள் வளைவில் திரும்பும் ஒவ்வொரு தடவையும் அவருடைய கால் ரோட்டில் நீட்டியபடி இருந்ததைப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். கடைசியில் பெற்றோர்கள் த்ரீவீலில் வந்து பிள்ளைகளைக் கூட்டிப் போனார்கள். அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் எல்லோரும் ஏசியது அந்தத் தம்பிக்கு. "ஸ்பெயார் வீலைக் கூடப் பார்க்காமல் என்ன டிரைவர்?" என்று கேட்டார்கள். வாகனம் வாங்கிய நாளிலிருந்து ஒரு நாளாவது அந்தச் சில்லை இறக்கிப் பார்க்கக் காசும் நேரமும் கொடுத்தீர்களா என்று சொந்தக்காரரை யாரும் கேட்கவில்லை. காலையில் ஸ்கூல், பகலில் ஹயர், பின்னேரம் மறுபடி ஸ்கூல் என்று ஓடும் ஒருவர் எப்போது அடியில் படுத்துப் பார்ப்பார்?

இது ஏன் நம்முடைய பகுதியில் இவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விளங்கிக்கொள்வோம்.

வேன், கெப், சின்ன லொறி போன்ற பல வாகனங்களில் ஸ்பெயார் வீல் பின்பக்கம் அடியில் படுத்தபடி இருக்கும். ஒரு சங்கிலி அல்லது கம்பி வடம் மேலே உள்ள சின்ன வின்ச்சிலிருந்து இறங்கி, சில்லின் நடுத் துளைக்குள்ளால் வந்து, அடியில் ஒரு தட்டோடு முடியும். அந்தத் தட்டுத்தான் முழுச் சில்லையும் தாங்குகிறது. பம்பருக்குப் பக்கத்தில் உள்ள துளைக்குள் கைப்பிடியைச் செருகிச் சுற்றினால் சங்கிலி இறங்கும். இதில் கறள் பிடிக்கும் இடங்கள் மூன்று: வின்ச்சின் பற்சில்லுகள், சங்கிலியின் வளையங்கள், தட்டு ரிம்மோடு ஒட்டும் இடம். மூன்றும் பின் டயர்கள் வாரி அடிக்கும் சேற்றுக்கு நேரே இருக்கின்றன.

விஞ்ஞானப் பாடத்தில் ஆணிப் பரிசோதனை செய்யாத பிள்ளை இல்லை. தண்ணீரும் காற்றும் சேர்ந்த குழாயில் ஆணி துருப்பிடிக்கும். கொதிக்க வைத்து ஆறிய நீரில், மேலே எண்ணெய்ப் படலம் விட்ட குழாயில் பிடிக்காது. உலர்ந்த காற்றிலும் பிடிக்காது. உப்பு நீரில் வேகமாகப் பிடிக்கும். புத்தகத்தில் துரு, ஊரில் கறள், இரண்டும் ஒன்றுதான். பரீட்சைக்கு இதை எழுதி ஏ சித்தி எடுத்த நம்முடைய பிள்ளைகள்தான் இன்று வாகனம் வைத்திருக்கிறார்கள். வீட்டு வாசலில் நிற்கும் வாகனத்தில் அந்தப் பாடத்தைப் பார்ப்பதில்லை.

இன்னொன்று. கறள் இரும்பைத் தின்பதோடு நிற்பதில்லை, ஊதிப் பெருக்கவும் செய்கிறது. இரும்பு இருந்த இடத்தைவிட அதன் கறள் இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். அதனால்தான் சும்மா சுழன்ற வின்ச் ஒரு நாள் கல்லாகிறது. உள்ளே இருந்த இடைவெளி முழுவதும் கறளால் அடைபட்டுப் போகிறது.

பெல்மதுளையில் இதற்கு வேண்டிய எல்லாமே உண்டு. முதலாவது மழை. இரத்தினபுரிப் பக்கம் வருடத்துக்கு 3500 மில்லிமீற்றருக்கும் மேல் மழை. ஏ18 பாதையில் கீழே போய்ச் சேரும் அம்பாந்தோட்டைப் பக்கம் சுமார் 1000 மில்லிமீற்றர்தான். அங்கே ஓடும் வாகனத்தின் அடி காய்வதற்கு நேரம் கிடைக்கிறது. நம்முடைய வாகனத்துக்குக் கிடைப்பதில்லை.

இரண்டாவது உப்பு. குளிர் நாடுகளில் பனிக்காக ரோட்டில் உப்புப் போடுவார்கள், நமக்கு அது இல்லையே என்று நினைக்க வேண்டாம். கரையோரத்திலிருந்து ஏறி வரும் மீன் லொறியின் ஐஸ் தண்ணீர் வழிநெடுக அதன் அடியில்தான் வடிகிறது. அதே லொறி திரும்பும்போது மரக்கறி ஏற்றும். அடியை யாரும் கழுவுவதில்லை.

மூன்றாவது நம்மில் பலரும் யோசிக்காத ஒன்று, உரம். தோட்டத்துக்கும் சிறு தேயிலைக் காணிகளுக்கும் உரம் ஏற்றும் லொறிகளில் பை கிழிந்து கொட்டும் தூள் பலகை இடுக்குகளால் அடியில் இறங்குகிறது. எம்.ஓ.பி. என்று நாம் சொல்லும் உரம் பொட்டாசியம் குளோரைட். சமையல் உப்பு சோடியம் குளோரைட். இரண்டும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். அமோனியம் சல்பேற்றும் ஈரத்தில் இரும்புக்கு எதிரிதான். காலையில் கொழுந்து, பகலில் உரம், இடையில் மழை என்று ஓடும் ஒரு லொறியின் அடி என்ன கதியாகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இதற்கு மேல் வாகனங்களின் வயது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. திறந்த பிறகும் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. ஆகவே பழைய டொல்பின் வேனும் பழைய கெண்டரும் இன்னும் பல வருடம் நம்மோடு ஓடத்தான் போகின்றன. அவற்றைக் கறளிலிருந்து காப்பாற்றுவது வருமானத்தைக் காப்பாற்றுவதும்தான்.

சரி, இறுகிவிட்டது. என்ன செய்வது? கராஜ் பாஸ்மாரிடம் கேட்டும், கூட நின்று பார்த்தும் விளங்கிக்கொண்டதைச் சொல்கிறோம்.

முதலில், இதை ரோட்டில் இரவில் செய்யாதீர்கள். பஞ்சரான இடத்தில் பத்து நிமிடத்தில் சில்லு இறங்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். வாகனத்தை எவ்வளவு ஓரமாக்க முடியுமோ அவ்வளவு ஓரமாக்கி, நான்கு சிக்னலையும் போட்டு, பிள்ளைகளை இறக்கி ரோட்டிலிருந்து தள்ளி மேட்டுப் பக்கம் நிறுத்திவிட்டு, வேறு வாகனத்துக்கு அழையுங்கள். வளைவில், மழையில், வாகனத்துக்கு அடியில் ஒரு ஆள் படுக்கும் அளவுக்கு எந்த டயரும் பெறுமதியில்லை.

பகலில், மட்டமான இடத்தில், ஹெண்ட் பிரேக் இழுத்து, சில்லுகளுக்குக் கல்லோ கட்டையோ வைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஒரு வேன் சில்லு சுமார் 20 கிலோ. லொறிச் சில்லு அதன் இரு மடங்குக்கும் மேல். அதற்கு நேர் கீழே தலையையோ நெஞ்சையோ வைக்கக் கூடாது. பக்கத்தில் இருந்துதான் வேலை.

அழுத்தமான தண்ணீரால் சேற்றைக் கழுவுங்கள். பிறகு கம்பி பிரஷ்ஷால் சங்கிலியையும் தட்டையும் தேயுங்கள். பல வாகனங்களில் பாதிப் பிரச்சினை காய்ந்த சேறுதான்.

அடுத்து, கறள் இளக்கும் ஸ்பிரே. டபிள்யூ.டி. ஃபோர்ட்டி போன்ற ஏதாவது ஒன்று. வின்ச்சுக்குள், சங்கிலி ஏறும் வாயில், தட்டின் ஓரத்தில் நன்றாக அடித்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். மறுநாள் காலையில் மறுபடி அடியுங்கள். எண்ணெய் கறளுக்குள் ஊற நேரம் வேண்டும். அடித்த உடனே சுற்றிப் பார்த்துவிட்டு "இது சரிவராது" என்பவர்கள்தான் பிறகு கைப்பிடியை முறிக்கிறார்கள்.

இப்போது முக்கியமான வேலை. சில்லுக்கு அடியில் ஒரு பலகை வைத்து, ஜெக்கால் சில்லைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள். சங்கிலியில் உள்ள பாரம் இறங்கிவிடும். பாரத்தோடு இறுகி நிற்கும் வின்ச், பாரம் இல்லாதபோது பல நேரம் அசைந்து கொடுக்கும். அசைந்தால் ஒரேயடியாகச் சுற்ற வேண்டாம். கால் சுற்று இறக்கி, கால் சுற்று ஏற்றி, மறுபடி ஸ்பிரே அடித்து, சின்னச் சுத்தியலால் வின்ச்சின் உடலில் மெதுவாகத் தட்டி, இப்படியே தொடருங்கள். கைப்பிடியில் நீளமான குழாயைச் செருகி மூன்று பேர் தொங்குவது வேண்டாம். முறிவது கறள் அல்ல, உள்ளே உள்ள பல்.

சங்கிலி இறங்கியும் சில்லு மேலேயே ஒட்டிக்கொண்டு நின்றால், ஜெக்கை அடியில் வைத்தபடியே டயரின் பக்கத்தில் கட்டையால் தட்டுங்கள். ஜெக் இல்லாமல் தட்டினால் விழும் நேரத்தை அதுவே தீர்மானிக்கும்.

ஒன்றுக்கும் சரிவராவிட்டால் சங்கிலியை வெட்ட வேண்டியதுதான். அதைக் கராஜில், அடியில் ஜெக் தாங்கியபடி, வாளால் அல்லது வெட்டும் கருவியால் செய்யட்டும். காஸ் சுவாலையும் கிரைண்டர் தீப்பொறியும் வேண்டாம். பக்கத்தில் எரிபொருள் தாங்கி இருக்கிறது. காற்றடித்த டயரைச் சூடாக்கினால் அது வெடிக்கும், அந்த வெடிப்பு ஆளைக் கொல்லும்.

வெட்டிய பிறகு நடப்பதுதான் நமக்குப் பெரிய கவலை. புது வின்ச் வாங்கக் காசில்லை என்று கட்டுக்கம்பியால் கட்டி, நைலோன் கயிற்றால் சுற்றி அனுப்பிவிடுகிறோம். அந்தக் கட்டு ஒரு நாள் அறும். அறும்போது பின்னால் வருவது பெரும்பாலும் ஒரு மோட்டார் சைக்கிள்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2009 நவம்பரில் டொயோட்டா நிறுவனம் அமெரிக்காவில் 2000 முதல் 2003 வரையான சுமார் 110,000 டண்ட்ரா கெப் வாகனங்களைத் திருப்பி அழைத்தது. பின்பக்கக் குறுக்குச் சட்டம் ரோட்டு உப்பால் கறள் பிடித்து, அடியில் தொங்கும் ஸ்பெயார் வீல் ரோட்டில் விழக்கூடும் என்பதே காரணம். அங்கே ஒரு பெரிய கம்பனியைப் பொறுப்புக் கேட்க அரச நிறுவனம் இருந்தது. இங்கே பத்து, பதினைந்து வருடம் ஓடிய வாகனத்துக்கு நாம்தான் பொறுப்பு. புதுச் சங்கிலியைக் கோர்க்கும்போது, அது தொங்கும் சட்டத்தையும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். சத்தம் மந்தமாக இருந்தால், தகடு தகடாக உதிர்ந்தால், வெல்டிங் பாஸிடம் காட்டுங்கள். வின்ச் வாங்கும்வரை சில்லை உள்ளே அல்லது பெட்டியில் ஏற்றிக் கட்டிக்கொள்ளுங்கள். இடம் போகும்தான். பரவாயில்லை.

பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு பகுதி என்று சின்ன வகுப்பிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். பாதையில் ஒரு தொல்லை விழாமல் பார்ப்பதும் அதற்குள்தான் வரும் என்று நினைக்கிறோம்.

இனி, இறுகாமல் பார்ப்பது. இது இன்னும் லேசு.

பாடசாலைக்கு வருடத்தில் மூன்று தவணை. ஒவ்வொரு தவணை விடுமுறையிலும் ஒரு தடவை ஸ்பெயார் வீலைத் தரை வரை இறக்குங்கள். நோன்பு விடுமுறை வந்தால் அதுவும் நல்ல நேரம்தான். சங்கிலியைக் கழுவி, காயவிட்டு, கிரீஸ் பூசி, வின்ச்சுக்குள் எண்ணெய் விட்டு, மறுபடி இறுக்கமாக ஏற்றுங்கள். தளர்ந்து ஆடும் சில்லு சங்கிலியைத் தேய்த்து அதன் நாகப் பூச்சைக் கழற்றிவிடும். கைப்பிடி செருகும் துளைக்குப் பழைய டியூப் துண்டால் ஒரு மூடி போடலாம்.

இறக்கிய கையோடு காற்றையும் பாருங்கள். டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கத்தையும் வாசியுங்கள். 2316 என்றிருந்தால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்த டயர். பூ தேயாமல் புதிது போல இருந்தாலும் பத்து வருடம் தாண்டிய டயரை நம்பிப் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம்.

வெள்ளத்தில் இறங்கிய வாகனம் என்றால் தவணையைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். 2003 மே வெள்ளத்தையும் 2017 மே வெள்ளத்தையும் கண்ட மாவட்டம் இது. தண்ணீர் வடிந்த அந்த வாரமே இறக்கிக் கழுவ வேண்டும். மீன், உப்பு, உரம் ஏற்றினால் அன்றே அடியை நல்ல தண்ணீரால் அடித்துவிடுங்கள்.

எரிந்த எஞ்சின் எண்ணெயை அடியில் பூசுவது நம்மிடையே பழைய பழக்கம். அதை விடச் சொல்கிறோம். அந்த எண்ணெய் இறப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். ஸ்பெயார் டயர் அதற்கு நேர் கீழேதான் இருக்கிறது. மழையில் வழிந்து போவதும் நம்முடைய கிணற்றுக்கும் வயலுக்கும் களு கங்கைக்கும்தான்.

களவுக்குப் பயந்து பூட்டுப் போடுபவர்கள் இருக்கிறார்கள். பயம் நியாயமானது. ஆனால் வெல்டிங் அடித்து ஒட்டுவதும், இரும்புப் பூட்டைப் போட்டுச் சாவியைத் தொலைப்பதும் களவு போனதற்குச் சமம். பித்தளை உடல் உள்ள பூட்டைப் போட்டு, ஒரு டியூப் துண்டால் மூடி, இறக்கும் ஒவ்வொரு தடவையும் திறந்து எண்ணெய் விடுங்கள்.

"வருடா வருடம் டெஸ்ட் எடுக்கிறோமே" என்று சிலர் சொல்வார்கள். 2008 முதல் நாம் எடுக்கும் புகைப் பரிசோதனை புகையைத்தான் பார்க்கிறது. ஸ்பெயார் வீல் இறங்குமா என்பதை அது பார்ப்பதில்லை. "இப்போது போன் இருக்கிறது, டயர் கடைக்கு அழைத்தால் வருவான்" என்பார்கள். டவுனுக்குள் சரி. மேல் டிவிசன் பாதையில், நோயாளியை ஏற்றி வரும் கொழுந்து லொறிக்கு யார் வருவார்? 1990 அம்பியூலன்ஸ் நல்ல சேவைதான். ஆனால் தோட்ட லயத்து வாசலுக்கு முதலில் வந்து நிற்பது பல நேரம் த்ரீவீல் அல்லது லொறி. இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் போகும் அந்த நேரத்தில் இறங்காத ஒரு சில்லு எவ்வளவு பெரிய விடயம் என்பதை அந்தக் குடும்பத்திடம்தான் கேட்க வேண்டும்.

ஆகவே ஊருக்கு நம்முடைய வேண்டுகோள்கள் இவைதான்.

சொந்தக்காரர்களே, தவணை விடுமுறையின் முதல் சனிக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். டிரைவரை வரச் சொன்னால் அன்றைய நாட்கூலியைக் கொடுங்கள். "சும்மாதானே இருக்கிறாய், பார்த்துவிடு" என்று சொல்லாதீர்கள். முடிந்தால் நீங்களும் பக்கத்தில் நின்று பாருங்கள். உங்கள் வாகனத்தின் அடியை நீங்களே ஒரு தடவை பார்ப்பது நல்லது.

டிரைவர் தம்பிமாரே, இறங்காத சில்லோடு பிள்ளைகளை ஏற்றுமாறு சொன்னால் முடியாது என்று சொல்லுங்கள். அது மரியாதைக் குறைவல்ல. உங்கள் பக்கம் நாங்கள் நிற்போம்.

பெற்றோர்களே, வேன் காசு கொடுக்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தத் தவணை ஸ்பெயார் வீலை இறக்கிப் பார்த்தீர்களா?" நாலு பேர் கேட்டால் ஐந்தாவது ஆள் கேட்கத் தேவையிருக்காது.

வாலிபர் சங்கத்துத் தம்பிமார் ஒரு நல்ல ஜெக், இரண்டு கம்பி பிரஷ், ஒரு டின் கிரீஸ், இரண்டு ஸ்பிரே வாங்கிப் பொதுவில் வைத்தால் சின்ன வாகனக்காரர்களுக்குப் பெரிய உதவி. அதற்கான முதல் பங்கை எங்கள் ஆசிரியர்கள் சிலர் தருவதாகச் சொல்லியிருக்கிறோம். எல்லாச் சமூகத்து வாகனங்களுக்கும் அது பொதுவாக இருக்க வேண்டும். ஒரே ரோட்டில்தான் எல்லோரும் ஓடுகிறோம்.

உங்கள் வாகனத்தில் கடைசியாக எப்போது இறக்கினீர்கள் என்று கீழே எழுதுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. இறங்காமல் நிற்கும் வாகனம் என்றால் அதையும் எழுதுங்கள். வரும் விடுமுறையில் எந்த வாகனத்தில் இருந்து தொடங்குவது என்று அதை வைத்துத்தான் முடிவெடுப்போம், இன்ஷா அல்லாஹ். ஸ்கூல் வேன்களுக்கு முதல் இடம்.

வஸ்ஸலாம்.